பேட்டரி மேல் உள்ள எண்களை நாமே சரிபார்ப்பது எப்படி?

கைப்பேசிக் கடையில் 5000 எம்ஏஎச் என்கிறார்கள். இன்வெர்ட்டர் கடையில் 150 ஏஎச் என்கிறார்கள். மின்சார ஸ்கூட்டர் விற்பவரோ 3 கிலோவாட் மணி என்கிறார். வாங்க வந்தவர் எந்த எண் பெரிதோ அதையே நல்லது என்று எடுத்துக்கொண்டு பணத்தைக் கட்டிவிடுகிறார். பள்ளி இயற்பியலில் படித்த மின்னூட்டம், மின்னோட்டம், மின்னழுத்தம் ஆகிய மூன்றையும் குழப்பமில்லாமல் பிடித்துக்கொண்டால் இந்த எண்கள் எல்லாவற்றையும் நாமே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பெருக்கவும் வகுக்கவும் தெரிந்த எவருக்கும் இது கைவரும். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைப்பேசி, பவர்பேங்க், வீட்டு இன்வெர்ட்டர் ஆகியவற்றின் எண்களை வைத்தே செய்து பார்க்கலாம்.

முதல் படி: ஏஎச் எதை அளக்கிறது?

மின்னூட்டத்தின் அலகு கூலும். ஓர் எலக்ட்ரான் சுமக்கும் மின்னூட்டம் 1.602176634 × 10⁻¹⁹ கூலும். 2019 மே 20 முதல் இந்த எண் மாறாத மதிப்பாக நிர்ணயிக்கப்பட்டுவிட்டது. ஆம்பியரின் இன்றைய வரையறையே இதன் மேல்தான் நிற்கிறது. ஒரு கூலும் சேர வேண்டுமானால் சுமார் 6.24 × 10¹⁸ எலக்ட்ரான்கள் வேண்டும்.

மின்னோட்டம் என்பது வேகக் கணக்கு. கம்பியின் ஓர் இடத்தை ஒரு நொடியில் ஒரு கூலும் கடந்து போனால் அங்கே ஓடுவது ஓர் ஆம்பியர். ஆகவே,

மின்னூட்டம் = மின்னோட்டம் × நேரம்

ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 3600 நொடிகளில் 3600 கூலும் கடந்திருக்கும். அதைத்தான் ஓர் ஆம்பியர் மணி, சுருக்கமாக ஏஎச், என்கிறோம். அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு எம்ஏஎச், 3.6 கூலும். 5000 எம்ஏஎச் கைப்பேசி பேட்டரி என்றால் 18,000 கூலும்.

புதிதாகப் படிக்க வருபவர்கள் தடுமாறும் இடம் இதுதான். 150 ஏஎச் என்று படித்தவுடன் அந்த பேட்டரி 150 ஆம்பியர் கொடுக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். எத்தனை ஆம்பியர் ஓடும் என்பதை அதில் மாட்டும் பொருள்தான் தீர்மானிக்கிறது. ஒரு சிறிய விளக்கை மாட்டினால் கால் ஆம்பியர் ஓடலாம். அதே பேட்டரியில் மின்விசிறிகளையும் தொலைக்காட்சியையும் மாட்டினால் இருபது, முப்பது ஆம்பியர் ஓடலாம். ஏஎச் என்பது மின்னோட்டத்தையும் நேரத்தையும் பெருக்கி வரும் மொத்தம்.

இரண்டாம் படி: பேட்டரிக்குள் என்னதான் சேர்ந்திருக்கிறது?

அவசரக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் இதைப் புரிந்துகொண்டவருக்குப் பிற்பாடு எந்த இடத்திலும் கால் இடறாது என்பதால் நிதானமாகவே எழுதுகிறேன்.

முழுதாக சார்ஜ் ஏறிய பேட்டரியில் எலக்ட்ரான்கள் நிரம்பி வழிகின்றன, பயன்படுத்தப் பயன்படுத்த அவை தீர்ந்துபோகின்றன என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் நிரம்பிய பேட்டரியிலும் தீர்ந்த பேட்டரியிலும் இருக்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை ஒன்றே. எதிர்முனையிலிருந்து ஓர் எலக்ட்ரான் வெளியேறும் போதே நேர்முனை வழியாக ஒன்று உள்ளே வந்துவிடுகிறது. மிதிவண்டிச் சங்கிலியை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு தூரம் மிதித்தாலும் சங்கிலியின் கண்ணிகள் குறைவதில்லை; மிதிப்பவரின் தெம்புதான் குறைகிறது. எலக்ட்ரான்கள் அந்தக் கண்ணிகள். மிதிக்கும் தெம்பு பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினையிலிருந்து வருகிறது.

அப்படியானால் 5000 எம்ஏஎச் என்பது எதைச் சொல்கிறது? அந்த வேதிவினை ஓய்வதற்குள் மொத்தம் எவ்வளவு மின்னூட்டத்தைச் சுற்றில் நகர்த்த முடியும் என்பதைச் சொல்கிறது. லித்தியம் அயனி பேட்டரியில் ஒரு லித்தியம் அயனி ஒரு மின்முனையிலிருந்து மறு மின்முனைக்கு உள்ளே நகரும்போது வெளிச்சுற்றில் ஓர் எலக்ட்ரான் நகர்கிறது. ஒரு மோல் (அணுக்களையும் எலக்ட்ரான்களையும் எண்ண வேதியியலில் வைத்திருக்கும் அளவு, சுமார் 6.02 × 10²³) எலக்ட்ரான்களின் மின்னூட்டம் சுமார் 96,485 கூலும். இதுதான் ஃபாரடே மாறிலி. ஏஎச் கணக்கில் 26.8. லித்தியத்தின் ஒரு மோல் 6.94 கிராம். இப்போது வகுத்துப் பாருங்கள்: 5 ஏஎச்சை 26.8-ஆல் வகுத்து 6.94-ஆல் பெருக்கினால் 1.3 கிராம் வருகிறது. நாள் முழுக்க நாம் பேசுவதும் படம் பார்ப்பதும் வழி தேடுவதும் ஒன்றே கால் கிராம் சொச்சம் லித்தியம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதால் நடக்கிறது. இரவில் சார்ஜரை மாட்டும்போது அதே லித்தியத்தை மறுபடி பழைய இடத்துக்குத் தள்ளிவிடுகிறோம். எத்தனை முறை போட்டாலும் எனக்கு அலுக்காத கணக்கு இது.

எலக்ட்ரான்கள் கம்பிக்குள் பாய்ந்து ஓடுகின்றன என்ற எண்ணமும் தவறு. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செப்புக் கம்பியில் ஓர் ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்கள் சராசரியாக நொடிக்கு 0.07 மில்லிமீட்டர்தான் முன்னேறுகின்றன. ஒரு மீட்டர் கடக்கக் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் ஆகும். ஸ்விட்சைத் தட்டியவுடன் விளக்கு எரிவதற்குக் காரணம், கம்பி முழுவதிலும் உள்ள எலக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நகரத் தொடங்குவதுதான்.

மூன்றாம் படி: வோல்ட்டால் பெருக்காமல் எதையும் ஒப்பிடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு மின்னூட்டம் நகரும் என்பதை ஏஎச் சொல்லிவிடும். ஒவ்வொரு கூலுமுக்கும் எவ்வளவு ஆற்றல் கிடைக்கும் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது மின்னழுத்தம். 12 வோல்ட் என்றால் ஒரு கூலும் சுற்றைச் சுற்றி வரும்போது 12 ஜூல் ஆற்றலைக் கொடுத்துவிட்டுப் போகிறது. எனவே,

வாட் மணி = வோல்ட் × ஏஎச்

கைப்பேசி: 3.85 வோல்ட் × 5 ஏஎச் = 19.25 வாட் மணி.
இன்வெர்ட்டர் பேட்டரி: 12 வோல்ட் × 150 ஏஎச் = 1800 வாட் மணி.

ஏஎச் எண்களை மட்டும் பார்த்தால் இன்வெர்ட்டர் பேட்டரி கைப்பேசி பேட்டரியைப்போல் 30 மடங்கு என்று தோன்றும். ஆற்றலில் அது 93 மடங்குக்கும் மேல். வோல்ட்டேஜ் வேறாக இருக்கும் இரண்டு பேட்டரிகளை ஏஎச்சால் ஒப்பிட்டால் இப்படித்தான் ஏமாற நேரும். ஒரு வாட் மணி 3600 ஜூல் என்பதால், ஜூலில் வேண்டுமென்றால் 3600-ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

பேட்டரி மேல் பொடி எழுத்தில் வோல்ட்டேஜ் அச்சிட்டிருக்கும். லித்தியம் அயனி என்றால் 3.6, 3.7 அல்லது 3.85 வோல்ட் என்று இருக்கும். இது நடுத்தர மதிப்பு; வழக்கமான லித்தியம் செல் நிரம்பியிருக்கும்போது 4.2 வோல்ட்டிலும், வடியும்போது 3 வோல்ட்டை ஒட்டியும் இருக்கும். பென்சில் பேட்டரியில் சாதாரண அல்கலைன் 1.5 வோல்ட், சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் வகை 1.2 வோல்ட்.

நான்காம் படி: பவர்பேங்க் கணக்கு

"10000 எம்ஏஎச் பவர்பேங்க் வாங்கினேன், 5000 எம்ஏஎச் போனை இரண்டு முறை ஏற்ற முடியவில்லை, ஏமாற்றிவிட்டார்கள்" என்ற புகாரை அடிக்கடி கேட்கிறேன். பெரும்பாலும் யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். கணக்கைப் பாருங்கள்.

அந்த 10000 எம்ஏஎச் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான எண். ஆற்றல் 37 வாட் மணி. வெளியே வருவதோ 5 வோல்ட். 37-ஐ 5-ஆல் வகுத்தால் 7400 எம்ஏஎச். வோல்ட்டேஜை உயர்த்தும் சுற்று வெப்பமாகக் கொஞ்சத்தைத் தின்றுவிடும். 15 சதவீதம் போனதாக வைத்துக்கொண்டால் மிச்சம் 31.5 வாட் மணி. அதாவது 5 வோல்ட்டில் 6300 எம்ஏஎச். பல பவர்பேங்குகளின் பின்புறத்தில் பெரிய எண்ணுக்குக் கீழே இந்தச் சிறிய எண்ணையும் அச்சிட்டிருப்பார்கள். வாங்கும் முன் தேடிப் பார்க்க வேண்டியது அதைத்தான். கைப்பேசிக்குள் போகும்போது இன்னொரு 10 சதவீதம் குறைந்தால் சுமார் 28 வாட் மணி சேரும். 19.25-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஒன்றரை முறை. இரண்டு முறை ஏறாததற்கு இதுவே காரணம்.

விமானத்தில் போகும்போதும் இதே கணக்குத்தான் வரும். பவர்பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். 100 வாட் மணிக்கு மேல் போனால் விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. 20000 எம்ஏஎச் என்பது 74 வாட் மணி. 27000 எம்ஏஎச் என்பது 99.9 வாட் மணி. சில நிறுவனங்கள் தங்கள் பெரிய பவர்பேங்கை 27000-க்குச் சற்றுக் கீழே நிறுத்தியிருப்பது இந்த எல்லையைப் பார்த்துத்தான்.

ஐந்தாம் படி: அளந்து பாருங்கள்

மின்னணுப் பொருள் கடைகளில் யுஎஸ்பி மீட்டர் என்று ஒரு சிறிய கருவி கிடைக்கும். சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவே சொருகினால் வோல்ட், ஆம்பியர், இதுவரை கடந்த எம்ஏஎச், வாட் மணி எல்லாவற்றையும் காட்டும். பவர்பேங்கை முழுதாக ஏற்றுங்கள். மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு யுஎஸ்பி விளக்கையோ சிறு மின்விசிறியையோ மாட்டிப் பவர்பேங்க் தானாக அணையும்வரை ஓட விடுங்கள். அணையும் நேரத்தில் மீட்டரில் இருக்கும் வாட் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். எம்ஏஎச்சைக் குறிக்க வேண்டாம். வேக சார்ஜிங் நடக்கும்போது வோல்ட்டேஜ் 5-லிருந்து 9-க்கோ 12-க்கோ தாவிவிடும். அப்போது எம்ஏஎச் எண்ணுக்கு ஒப்பிடத்தக்க பொருள் எதுவும் இருக்காது.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வோல்ட்டை அளக்கும்போது இரு முனைகளிலும் நேரடியாக வைக்கலாம். ஆம்பியரை அளக்கும்போது அப்படி வைக்கவே கூடாது. மின்னோட்டம் மீட்டருக்குள்ளேயே புகுந்து போகும்படி, சுற்றைத் துண்டித்து இடையில் தொடராக இணைக்க வேண்டும். ஆம்பியர் நிலையில் மீட்டரின் மின்தடை மிகமிகக் குறைவு. அந்த நிலையில் பேட்டரியின் இரு முனைகளையும் தொட்டால் அது குறுக்குச்சுற்று. ஃபியூஸ் போகும், மீட்டர் கருகும், பெரிய பேட்டரியாக இருந்தால் கையும் சுடும். இன்வெர்ட்டர் பேட்டரியில் ஆம்பியர் அளக்க நேர்மின்னோட்டத்தைப் படிக்கும் கிளாம்ப் மீட்டரே (சுற்றைத் துண்டிக்காமல் கம்பியைக் கவ்வி அளக்கும் கருவி) பாதுகாப்பானது. விலை குறைந்த கிளாம்ப் மீட்டர்கள் பலவும் மாறுமின்னோட்டத்தை மட்டுமே படிக்கும். வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

கைப்பேசி சதவீதம் காட்டுவதும் இப்படி அளந்துதான். உள்ளே மிகச் சிறிய மின்தடை ஒன்று இருக்கிறது. அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தை ஒரு சில்லு இடைவிடாமல் அளந்து, நேரத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே வருகிறது. முதல் படியில் பார்த்த பெருக்கல்தான் திரையின் மூலையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆறாம் படி: இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும்?

வீட்டில் 75 வாட் மின்விசிறி இரண்டு, 20 வாட் எல்இடி டியூப் மூன்று, 10 வாட் ரவுட்டர் ஒன்று ஓடுகின்றன என்று கொள்வோம். மொத்தம் 220 வாட். இன்வெர்ட்டரின் திறன் 85 சதவீதம் என்றால் பேட்டரியிலிருந்து 259 வாட் எடுக்கும். 12-ஆல் வகுத்தால் 21.6 ஆம்பியர். 150 ஏஎச்சை 21.6-ஆல் வகுத்தால் 6.9 மணி நேரம்.

கடைக்காரர் சொல்லும் விடை இதுவாகத்தான் இருக்கும். வீட்டில் கிடைப்பதோ இதைவிடக் குறைவு. ஏனென்றால் பேட்டரி மேல் 150 ஏஎச்சுக்குப் பக்கத்தில் சி20 என்று எழுதியிருப்பதை அநேகமாக யாரும் கவனிப்பதில்லை. 20 மணி நேரத்தில் மெதுவாக வடித்தால்தான், அதாவது 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால்தான், 150 ஏஎச் கிடைக்கும் என்பது அதன் பொருள். வேகமாக எடுத்தால் மொத்தமே குறைந்துவிடும். ஈய அமில பேட்டரியில் அமிலம் தட்டுகளின் நுண்துளைகளுக்குள் பரவி வந்துதான் வினை நடக்க வேண்டும். நாம் அவசரமாக இழுத்தால் துளைக்குள் இருக்கும் அமிலம் நீர்த்துப்போகிறது. வெளியிலிருந்து புதியது வந்து சேர்வதற்குள் வோல்ட்டேஜ் இறங்கி இன்வெர்ட்டர் அணைந்துவிடுகிறது. சற்று ஓய்வு கொடுத்து மறுபடி போட்டால் கொஞ்ச நேரம் ஓடுவதும் இதனால்தான்.

இந்த இழப்புக்கு ஒரு சூத்திரத்தை 1897-இல் பாய்கெர்ட் என்ற ஜெர்மானியர் தந்தார். எலக்ட்ரானை ஜே. ஜே. தாம்சன் அடையாளம் காட்டியதும் அதே ஆண்டில்தான் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. எது ஓடுகிறது என்று தெரியவந்த ஆண்டிலேயே அது எப்படிக் குறைகிறது என்றும் சொல்லியிருக்கிறார்கள். பாய்கெர்ட்டின் சூத்திரத்தில் வரும் அடுக்கெண் ஈய அமில பேட்டரிகளுக்குப் பொதுவாக 1.1 முதல் 1.3 வரை இருக்கும். 1.2 என்று வைத்துக் கணக்கிட்டால் மேலே சொன்ன வீட்டில் 6.9 மணி நேரத்துக்குப் பதிலாக 5.6 மணி நேரம்தான் வருகிறது. அதுவும் பேட்டரி புதிதாக இருந்தால்.

இப்போது அந்த இரண்டு மின்விசிறிகளையும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி வகை விசிறிகளாக மாற்றுங்கள். சுமை 220-லிருந்து 130 வாட்டாகக் குறைகிறது, மின்னோட்டம் 12.7 ஆம்பியர். அதே சூத்திரத்தில் 10.6 மணி நேரம்! சுமையைக் குறைத்தது நாற்பது சதவீதம்தான். நேரமோ கிட்டத்தட்ட இரட்டிப்பு. மெதுவாக எடுப்பதற்கு பேட்டரி தரும் பரிசு இது. இன்னொரு பேட்டரி வாங்க நினைப்பவர்கள் முதலில் விசிறியை மாற்றிப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன்.

சூரிய மின்சாரத்துக்கென விற்கும் பேட்டரிகளில் பெரும்பாலும் சி10 என்று இருக்கும். 150 ஏஎச் சி10 என்றால் 15 ஆம்பியர் வீதம் 10 மணி நேரம் தாங்கும். ஒரே 150-ஆக இருந்தாலும் சி20 பேட்டரியைவிட இது பெரியது. விலையை ஒப்பிடும்போது இதைப் பாருங்கள்.

இரண்டு பேட்டரி வைத்தால்? தொடராக இணைத்தால் வோல்ட்டேஜ் கூடும், ஏஎச் அப்படியே இருக்கும்: 24 வோல்ட், 150 ஏஎச். பக்க இணைப்பில் ஏஎச் கூடும்: 12 வோல்ட், 300 ஏஎச். ஆற்றல் இரண்டிலும் 3600 வாட் மணி. ஆனால் 24 வோல்ட்டில் அதே வேலைக்குப் பாதி மின்னோட்டம் போதும். ஒரே கம்பியில் வெப்பமாகும் இழப்பு கால் பங்காகிவிடும். பழையதையும் புதியதையும் சேர்த்து இணைக்காதீர்கள்; பழையதின் தளர்ச்சி புதியதையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஏழாம் படி: ஏற்றும் நேரமும் பொய் எண்களும்

ஏற்றுவதற்கும் முதல் படியின் சமன்பாடே. 150 ஏஎச்சை 15 ஆம்பியரில் ஏற்றினால் 10 மணி நேரம். ஆனால் நிரம்ப நிரம்ப சார்ஜர் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வரும். ஈய அமில பேட்டரியில் ஏற்றும் மின்னூட்டத்தில் ஒரு பங்கு நீரைப் பிரித்து ஹைட்ரஜனாக்குவதிலும் போய்விடும். 12 மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. அந்த ஹைட்ரஜன் எரியக்கூடியது. பேட்டரி இருக்கும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும், தீக்குச்சி கூடாது. முனைகளைத் தொட்டு வேலை செய்யும்போது மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். 12 வோல்ட் நம்மை அதிர வைக்காது; ஆனால் இரு முனைகளுக்கு நடுவே ஓர் உலோகத் துண்டு விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாய்ந்து சிவக்கக் காய்ச்சிவிடும்.

டார்ச்சுகளில் போடும் 18650 என்ற லித்தியம் செல் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. நல்ல தயாரிப்புகளில் 3500 எம்ஏஎச்சை ஒட்டித்தான் கிடைக்கும். அதே அளவில் 9900 எம்ஏஎச் என்று அச்சிட்டு விற்பதைப் பார்க்கலாம். மின்னூட்டத்தை நகர்த்தப் பொருள் வேண்டும். அந்தக் குழாய்க்குள் அவ்வளவு பொருளுக்கு இடமே இல்லை. சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். உண்மையான செல் பொதுவாக 45 கிராமை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ இருக்கும்; முப்பது கிராம் காட்டினால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

ஐந்தாம் படியில் குறித்த வாட் மணியைத் தேதியுடன் எழுதி பேட்டரி மேலேயே ஒட்டி வைத்து, வருடத்துக்கு ஒருமுறை அதே சுமையில் மறுபடி அளந்து பாருங்கள். முதல் அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்த பேட்டரியின் வாழ்நாள் முடிகிறது என்று கொள்வது தொழிலில் உள்ள வழக்கம். அதற்குள்ளாகவே லித்தியம் பேட்டரியின் உறை உப்பத் தொடங்கினால் அளவை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். குத்தாமல், அழுத்தாமல், மறுபடி சார்ஜ் ஏற்றாமல், குப்பைத் தொட்டியிலும் போடாமல், பழைய மின்னணுப் பொருள்களைச் சேகரிக்கும் இடத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.